பெரியவர் குனிந்தால் எல்லோரும் குனிவார்கள்

சலூன்காரருக்கு வயது நாற்பத்தாறு. ஆனால் அவர் தலைமுடியை இருபத்திரண்டுக்கு மேல் மதிக்க முடியாது. கறுகறுவென்று, அடர்த்தியாக, முன்னால் ஒரு சுருள் மட்டும் நெற்றியைத் தொட்டும் தொடாமலும் விழுந்து கிடக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "அது எதுக்கு? நான் வாசல்ல நின்னா போதாதா?" என்பார். எதிர்ச்சாரியில் அந்த டிவி வரும் வரைக்கும் போதுமானதாகத்தான் இருந்தது.

டிவியை வைத்தவன் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. இவரிடமே மூன்று வருடம் தொழில் கற்றுக்கொண்டு, நேர் எதிரில் கடை போட்டவன். அவனை மனம்விட்டுத் திட்டவும் வழியில்லை, ஏனென்றால் ஆள் நல்லவன். அவனிடம் இருந்த பெரிய கோளாறே அதுதான். தினமும் சாலையைக் கடந்து வந்து, "மாமா, எதுக்குத் தனியா கஷ்டப்படறீங்க? நம்ம கடைக்கே வந்துடுங்க. ரெண்டாவது நாற்காலியை உங்களுக்குன்னே வச்சிருக்கேன்" என்று உருகுவான். கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், கற்றுக்கொண்டவன் கடையில் இரண்டாவது நாற்காலியில்! கேட்கும்போதெல்லாம் சலூன்காரருக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரியும்.

"ஒரு மாசம் பாருங்க," என்றாள் மனைவி. "அதுக்குள்ள கூட்டம் திரும்பி வரலைன்னா, ரோஷத்தை மடிச்சு அலமாரியில வச்சுட்டுத் தம்பி கடைக்குப் போயிடுங்க. அங்க ஃபேனாவது ஒழுங்கா சுத்துது."

இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் டாக்டரின் கிளினிக்கில் ஒரு மீன்தொட்டி. அதன் முன்னால் கன்னம் வீங்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து மூன்று முறை கூப்பிட்டும் அவர் எழவில்லை. "ஒரு நிமிஷம் இருங்கம்மா, அந்த மஞ்சள் மீன் கல்லுக்குப் பின்னாலேர்ந்து வெளிய வரட்டும்," என்றார். சலூன்காரருக்குப் பல்வலி அங்கேயே பாதி போய்விட்டது. பல்லைப் பிடுங்க வந்தவனையே நகரவிடாத மீன், முடிவெட்ட வந்தவனை நகரவிடுமா?

தொட்டி என்றால் பெரிய தொட்டி. சின்னதாக வைத்தால் டிவிக்கு முன்னால் எடுபடாது. ஆனால் மீன்கடையில் விலையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி, மீனைப் பின்னால் உட்கார வைத்து ஊரையே சுற்றிக் காட்டலாம். பிறகு மூடிப்போன பேக்கரி ஒன்றின் கேக் அலமாரியைச் சல்லிசாகப் பிடித்தார். நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே விளக்கு வேறு. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, ஊற்றிய வேகத்திலேயே நான்கு மூலை வழியாகவும் வெளியேறித் தெருவில் நடக்கத் தொடங்கியது. மச்சினன் எதிர்க்கடையிலிருந்து துடைப்பத்தோடு ஓடிவந்து உதவினான். அந்த உதவியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் மளிகைக்கடைச் சுவரில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. 'ஐந்தடி மீன்தொட்டி. மிகக் குறைந்த விலை. நிபந்தனை உண்டு.'

தொட்டியை விற்றவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அவர் தலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் முடி என்று எதுவும் இல்லை. பேருக்குக்கூட இல்லை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுச் சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. தொழில்முறையில் சலூன்காரருக்கு அந்தத் தலையைப் பார்க்கவே துக்கமாக இருந்தது.

"மூணாவது மாடிக்கு வீடு மாத்தறோம்," என்றார் மீட்டர்காரர். "இவ்வளவு தண்ணியைத் தூக்கி வச்சா, நீயும் உன் மீனும் கீழ்வீட்டுக்காரன் சாப்பாட்டு மேசையில போய் இறங்குவீங்கன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். பாதி விலைகூட வேணாம், கால் விலை கொடுங்க. ஆனா இவரும் தொட்டியோட வருவார்."

'இவர்' என்பது ஒரு மீன். ஆஸ்கார் வகை. பாறாங்கல் நிறத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்தில், வட்டிக்கடைக்காரர் போல ஒரு முகம்.

"ஒன்பது வயசாகுது. வீட்ல பெரியவர்னு கூப்பிடுவோம். நான் தினமும் மூணு மணிக்கு வேலை முடிஞ்சதும் உங்க கடைக்கு வந்து இவரோட கொஞ்ச நேரம் இருப்பேன். அதுதான் நிபந்தனை."

கொஞ்ச நேரம்தானே என்று சலூன்காரர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் என்பது கடை மூடும் வரை என்று பிறகுதான் தெரிந்தது. சலூனில் எந்நேரமும் ஒரு வழுக்கைத்தலை உட்கார்ந்திருந்தால், உள்ளே நுழைகிறவன் என்ன நினைப்பான்? 'இந்த ஆள் வெட்டி வெட்டித்தான் இப்படி ஆகிவிட்டாரோ' என்றுதானே? அவரைக் கண்ணுக்கு எட்டாத மூலையில், தொட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்.

பின்சுவர்தான் ஐந்தடிக்கு இடம் கொடுத்தது. அதனால் நாற்காலியில் உட்காருகிறவருக்கு முன்னாலுள்ள கண்ணாடியில், அவர் தலைக்குப் பின்னால் தொட்டி முழுசாகத் தெரியும். பெரியவர் மட்டும் இருந்தால் கடை களையிழந்து கிடக்கும் என்று, சலூன்காரர் மறுபடி மீன்கடைக்குப் போனார். கடையை நடத்திய பெண் கெட்டிக்காரி.

"தொட்டியில வேற என்ன மீன் இருக்கு?"

"ஒரே ஒரு பெரியவர். சாது."

"எவ்வளவு பெரியவர்?"

சலூன்காரர் விரலை விரித்துக் காட்டினார். மீனை வாங்கிப் போகிற அவசரத்தில் பாதிதான் விரித்தார். அவள் சந்தேகத்தோடு பன்னிரண்டு குட்டி மீன்களைப் பிடித்துக் கொடுத்தாள். உடம்பெல்லாம் வரிவரியாக, ஒரு நொடி ஓர் இடத்தில் நிற்காத துறுதுறு மீன்கள்.

கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சிக்கல் என்னவென்றால், மீன் போன பக்கமெல்லாம் அவர்கள் தலையும் போயிற்று. மீன் இடது பக்கம் பாய்ந்தால் தலை இடது பக்கம், வலது பக்கம் பாய்ந்தால் வலது பக்கம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போகிற ஒருவருக்கு ஒரு கிருதா காதுக்கு மேலேயும் இன்னொன்று தாடைக்குப் பக்கத்திலும் நின்றது. அரசாங்கம் அவரை இரண்டு ஆளாகப் பதிவு செய்திருக்கும்.

"ஏழு பேர்," என்றாள் மனைவி, இரவுச் சாப்பாட்டில். "உங்ககிட்ட வெட்டிக்கிட்டு, சரிபண்ணத் தம்பி கடைக்குப் போயிருக்காங்க. ஏழு பேர்!"

மறுநாள் காலையில் அவர் மீன்கடையில் நின்றார். "அந்தப் பன்னிரண்டையும் திருப்பித் தந்துடறேன். அசையாம நிக்கற மீனா ஏதாவது கொடும்மா."

"அசையாம நிக்கற மீன்னா செத்த மீன்தான் சார்."

"இல்லம்மா, பிடரியில கத்தி வைக்கும்போது கீழ போகணும். தாடைக்கு அடியில வழிக்கும்போது மேல வரணும்." அவர் தன் கழுத்தை வளைத்தும் நிமிர்த்தியும் காட்டினார். பக்கத்தில் மீன் வாங்க வந்த ஒருவர் மெல்ல நகர்ந்து நின்றார்.

"முதல்ல அந்தப் பன்னிரண்டைக் கொண்டு வாங்க, பாக்கலாம்," என்றாள் அந்தப் பெண், பொறுமையாக.

வலையும் பையுமாகக் கடைக்கு ஓடினார். தொட்டியில் பன்னிரண்டும் இல்லை. பதினொன்றும் இல்லை. பெரியவர் மட்டும் நடுநாயகமாக, வயிறு லேசாகப் புடைக்க, உண்ட மயக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வந்த மீட்டர்காரர் விஷயத்தைக் கேட்டு, "குட்டி மீன்னா அவருக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார்.

"இதை ஏன் சார் முன்னாலேயே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மாதம் முடிய நான்கே நாள் இருந்தது. சலூன்காரர் அழுகிற நிலையில் இருந்தார். நாற்காலியில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர். அவரைக் குனிய வைக்கப் பத்து நிமிடமாகப் போராட்டம். "கொஞ்சம் குனிங்க சார்... இன்னும் கொஞ்சம்..." அவர் ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டுப் பழகியவர், குனிவதாக இல்லை. அப்போது மூலையில் மீட்டர்காரரின் பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கக் குந்தினார்.

பெரியவர் நேராகத் தொட்டியின் அடிக்குப் போனார். வாத்தியாரின் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. பிடரி முழுக்கத் திறந்து கிடந்தது.

மீட்டர்காரர் எழுந்தார். பெரியவர் மேலே வந்தார். வாத்தியாரின் தாடை கூரையைப் பார்த்தது.

சலூன்காரர் கத்தியைப் பிடித்த கையோடு, வழுக்கையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். "சார்," என்றார் மெதுவாக, "இன்னொரு தடவை குந்துங்க."

"எதுக்கு?"

"சும்மா குந்துங்க சார், கேள்வி கேக்காதீங்க."

விஷயம் இதுதான். பெரியவருக்குக் குட்டியாக இருந்த காலம் முதலே மீட்டர்காரரின் தலை என்றால் உயிர். அந்தத் தலை போகிற பக்கமெல்லாம் போவார். "நிலான்னு நினைக்கறாரோ என்னவோ," என்றார் மீட்டர்காரர் வெட்கத்தோடு. சலூன் பக்கமே பதினெட்டு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்தவர் அவர். வந்தால் சிரிப்பார்களே என்று பயம். இப்போது ஒரு சலூனே தன் தலையை நம்பி நடக்கிறது என்றதும் அவர் வழுக்கையைப் பெருமையோடு ஒருமுறை தடவிக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டார். "கீழ!" என்றால் குந்துவார். "இடது!" என்றால் நண்டு போலப் பக்கவாட்டில் நடப்பார். வழுக்கை நகர, மீன் நகர, தலை நகர, கத்தரி தன் பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றே நாளில் பெஞ்சு நிரம்பி, நான்கு பேர் வாசலில் நின்றார்கள்.

மனைவி நம்பவில்லை. "தம்பியை உக்கார வைக்கிறேன். தொழில் தெரிஞ்சவன். அவன் சரின்னு சொன்னா சரி. இல்லைன்னா நாளைக்கே ரெண்டாவது நாற்காலி."

மாதத்தின் கடைசி நாள் காலை. மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். மச்சினன் ஜெல் தடவி வாரிய தலையோடு நாற்காலியில் ஏறினான். "மாமா, நான் தலையை ஆட்ட மாட்டேன். எந்த மீன் வந்தாலும் சரி," என்று பணிவாகச் சொன்னான். போர்வையைப் போர்த்தும்போது போன் அடித்தது.

"சார், முட்டி மடங்க மாட்டேங்குது," என்றார் மீட்டர்காரர், முனகலுக்கு நடுவே. "மூணு நாளா குந்தினதுல பூட்டிக்கிச்சு. கட்டிலை விட்டு இறங்க முடியலை. என்னை மன்னிச்சுடுங்க. பெரியவர் எப்படி இருக்கார்?"

பெரியவர் மூலையில் சுவரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு நின்றார். சலூன்காரர் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு தேங்காயைக் காட்டலாமா, பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்கலாமா என்றெல்லாம் யோசித்து, எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை ஆட்டியும் பார்த்தார். பெரியவர் திரும்பக்கூட இல்லை.

"பரவாயில்லை மாமா," என்றான் மச்சினன், உண்மையான இரக்கத்தோடு. "நம்ம கடை ஜன்னல் பக்கம் நல்லா காத்து வரும்."

அந்த இரக்கத்தில்தான் பொறுமையின் கடைசி இழையும் அறுந்தது. சலூன்காரர் கண்ணாடியில் தன் முடியை ஒருமுறை பார்த்தார். அந்தச் சுருளை விரலால் தடவினார். பிறகு மெஷினை எடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பு இழுத்தார்.

மனைவி வீறிட்டாள். "என்னங்க பண்றீங்க!"

மெஷின் நிற்கவில்லை. இருபத்திரண்டு வயது முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. மிச்சத்தைக் கத்தியால் வழித்து, ஈரத்துண்டால் துடைத்து, தொட்டியின் பக்கம் திரும்பி நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பெரியவர் மெல்லத் திரும்பினார். ஒரு பார்வை. இன்னொரு பார்வை. பிறகு தொட்டியின் நீளம் முழுவதும் பாய்ந்து வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்.

அதன்பின் வேலை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நடந்தது. இப்போது 'கீழ', 'மேல' என்று யாரையும் ஏவ வேண்டியதில்லை. பிடரியை வழிக்க அவர் குனிந்தார், பெரியவர் குனிந்தார், மச்சினனின் தலை தானாகக் குனிந்தது. அவர் நிமிர்ந்தார், மச்சினன் நிமிர்ந்தான். கடையில் கத்தரிச் சத்தமும் ஏர் பம்பின் குமிழிச் சத்தமும் மட்டும் கேட்டன.

மச்சினன் எழுந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தான். இரண்டு கிருதாவும் ஒரு மயிரிழை பிசகவில்லை. "நான் தலையை ஆட்டலையே மாமா?"

"மூணு தடவை ஆட்டின."

"நாலு," என்றாள் அவன் அக்கா. அவள் எழுந்து வந்து புருஷனைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். உள்ளங்கையால் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள். "இந்த முடியைப் பாத்துத்தான் உங்களைக் கட்டிக்கச் சம்மதிச்சேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"காது நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருந்தீங்க." குரல் தழுதழுத்தது, ஆனால் சிரிப்பும் அதிலேயே இருந்தது. "நீங்க எங்கயும் போக வேணாம். இங்கயே இருங்க."

மச்சினன் வாசல் வரை போய், தன் கடையைப் பார்த்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் யாருமில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தான்.

"மாமா, டிவியைப் பாத்து எவனும் குனிய மாட்டேங்கறான். மீட்டர்காரருக்கும் முட்டி வலி. உங்க கடையில ரெண்டாவது நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

சலூன்காரர் அவனுடைய ஜெல் தடவிய தலையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கீழே வைத்த மெஷினை மறுபடி கையில் எடுத்தார்.

"இருக்கு மாப்ள," என்றார் அன்போடு. "வா, வந்து உக்காரு."

தொட்டிக்குள் பெரியவர் ஆவலோடு கண்ணாடிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்.