மூடாத குவியல்

வெள்ளைக் குவியல்கள் சாலையோரம் நெடுகத் திறந்து கிடக்கின்றன, மேலே மேகம் கறுத்து வருகிறது, கீற்றுப் போட்டு மூட ஓர் ஆளைக் காணோம், நிறுத்துங்க, மழை வருது, உப்பு கரைஞ்சிடும் என்று நான் பேருந்தில் எழுந்து நின்று தமிழில் கத்த, இமாசல மலைச்சாலையில் அந்த ஓட்டுநர் என்னவோ ஏதோவென்று பிரேக் போட, என் மனைவி தையல்நாயகி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், அது பனிங்க, தூக்கத்துலயும் லோடுதானா, ஆனாலும் தேநீருக்கு நிறுத்தியபோது ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புச்சப்பில்லாமல் பல் கூசியது, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள், வேதாரண்யத்தில் மாசி பிறந்தால் ஐப்பசி மழை வரைக்கும்தான் எனக்கு லாரி, உப்பளத்துக்கும் ஊர் ஊரான குடோன்களுக்குமாக ஓடி, முதல் மழை விழுந்ததும் நல்ல தண்ணீரை அடித்து அடித்து, அச்சு இடுக்கிலிருக்கும் உப்பெல்லாம் போகக் கழுவி, துருவுக்கு எண்ணெய் தடவி, சாவியை முதலாளி குஞ்சிதபாதத்திடம் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பிவிடுவோம், ஒரு வருஷம் ஹம்பி, ஒரு வருஷம் பூரி, லாரியில் போன ஊர்களில் குடோன் வாசலைத் தவிர எதைப் பார்த்தேன், இந்த முறை அவர் சாவியை வாங்கவில்லை, சிமெண்ட் லோடு பேசியிருக்கேன், வருசம் பூரா ஓட்டுறதுன்னா வண்டி ஒனக்கு, இல்லன்னா வேற ஆளு, போற எடத்துலேருந்து யோசிச்சுச் சொல்லு என்றார், சாவி என் சட்டைப்பையில் டெல்லி தாண்டியும் கனத்துக்கொண்டே வந்தது, என்ன சொல்லப்போறீங்க என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, கேட்காததுதான் கேள்வி.

தேநீர்க் கடையில் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை, மழை என்றால் இங்கே ஒரு காலும் ஓடாது, டம்ளரை வைத்துவிட்டு முதலாளியைப் போனில் கூப்பிட்டேன், மாசிக்கு வந்துடுறேன், மழைக்கு மட்டும் என்னை விட்டுடுங்க, வேற ஆளுன்னாலும் சரிதான், சாவியக் கொண்டாந்து குடுத்துடுறேன், அதற்கு அவர், ஏண்டா, வண்டிக்குத் தண்ணி அடிக்கிறவன் நீ ஒருத்தன்தான், மத்தவன்லாம் தனக்குல்ல அடிக்கிறான், சிமெண்டுக்கு எவனையாவது போட்டுக்கிறேன், மாசிக்கு வந்து தொல என்றார், அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன், தையல்நாயகி இன்னொரு டீ கேட்டாள்.

மாசி வந்தாயிற்று, லோடு ஏறும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறேன், வெளியே குவியல்களைக் கீற்றுப் போட்டு மூடுகிறார்கள், கண்ணை மூடினால் எதுவும் மூடவில்லை, வெள்ளைக் குவியல்கள் சாலையோரம் நெடுகத் திறந்து கிடக்கின்றன, மேகம் கறுத்து முதல் துளி விழுகிறது, என்னங்க, கரையுது பாருங்க என்கிறாள், கரையட்டும் என்று நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.