ஐந்தாவது விலை

மூன்று கப்பல் பொன், ஒரு மலை உப்பு, ஓராண்டு மழை, வியாபாரியின் நிழல். கடலின் விலை இவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாவதாக ஒன்று உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை கோயில் மேடையில் கடல்ராஜா வேஷத்தில் நின்று அதைச் சொல்லவேண்டிய தருமலிங்கத்தின் தாடையை, செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இறுக்காத," என்றாள் இந்திராணி.

கட்டிக்கொண்டிருந்தவன் தருமலிங்கத்தின் தம்பி பூபதி. "இறுக்கலன்னா வாய் தொறந்துக்கும் அண்ணி."

"தொறந்துக்கினா இன்னா? உசுரோட இருக்கசொல்ல ரொம்பத் தொறந்துட்டாரா உங்கண்ணன்?"

பூபதி முடிச்சைத் தளர்த்தினான். அவன் நண்டு வியாபாரி. அண்ணன் பிடித்த நண்டைக்கூடத் தன் தராசில் வைத்துத்தான் எடுப்பான். இத்தனை வருஷத்தில் அண்ணி கேட்டு அவன் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தது இந்த முடிச்சு ஒன்றைத்தான்.

தருமலிங்கத்துக்கு வார்த்தை தொண்டைவரை ஒழுங்காக வரும். உதட்டில் வந்து, முகத்துவாரத்தில் மணல் அடைத்த நாளில் படகு நிற்பதுபோல, அப்படியே நிற்கும். கல்யாணமான புதிதில் இந்திராணி காத்திருந்து பார்த்தாள். மீன்சந்தையில் வளர்ந்தவளுக்கு அது கட்டுபடியாகவில்லை. முதல் எழுத்து வந்ததும் மீதியை அவளே சொல்லிவிட ஆரம்பித்தாள். "சோ" என்றால் சோறு. "தி" என்றால் திருவொற்றியூரில் இருக்கும் அவன் அக்கா. பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாக இருந்தாலும் தலையை ஆட்டிவிடுவான். திருத்துவதற்கு இன்னொரு வார்த்தை வேண்டுமே.

போன மழைக்காலத்தில், நண்டு பிடிக்க ஏரியில் இறங்கமுடியாத நாட்களில், அங்கன்வாடி கோமளா டீச்சர் ஊரில் வளர்ந்த ஆம்பளை பொம்பளைகளைச் சேர்த்துப் பாட்டு நாடகம் போடக் கிளம்பினாள். கடலை விலைக்குக் கேட்டு வரும் ஒரு வியாபாரியின் கதை. வியாபாரி வேஷத்துக்குப் பூபதி. அவனுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. கடல்ராஜா தருமலிங்கம் என்று டீச்சர் சொன்னதும் கூடம் முழுக்கச் சிரித்தது. வலை கட்டும்போது அவன் முணுமுணுக்கிற பாட்டை டீச்சர் கேட்டிருந்தாள். ராகத்தில் ஏறிவிட்டால் அவனுக்கு எந்த எழுத்தும் தட்டாது.

பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் இந்திராணி காய்ச்சலில் படுத்துவிட, அவன் தனியாக ஏலத்துக்குப் போனான். போன வேகத்தில் காலிக்கூடையோடு திரும்பி வந்தான். பின்னாலேயே பக்கத்து வீட்டு ரோசி ஓடிவந்து, தருமலிங்கம் நண்டின் விலையை எல்லார் முன்னாலும் நின்று பாடினான் என்று சொன்னாள்.

"யாவாரிங்க சிரிச்சாங்களா?" என்று கேட்டாள் இந்திராணி.

"சிரிச்சாங்கக்கா. சிரிச்சிட்டுக் கேட்டதக் குடுத்தாங்க."

இந்திராணிக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் தன் கடைக்கு எதிரே இன்னொரு கடை திறந்தமாதிரி கொஞ்சம் கடுப்பும் இருந்தது.

அப்புறம்தான் அந்த ஐந்தாவது விலை. நாலை டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்தாவதை அவனே யோசித்து மேடையில் பாடவேண்டும் என்று விட்டுவிட்டாள். அவனும் யோசித்து வைத்திருந்தான், யாரிடமும் சொல்லவில்லை. சோறு போடும்போதெல்லாம் இந்திராணி கேட்டுப் பார்த்தாள். முத்தா? சங்கா? அந்த ராஜா யாவாரியோட பொண்ணைக் கேப்பானா? அவன் தலையை ஆட்டவில்லை. "இல்ல," என்றான், ஒரு தடங்கலும் இல்லாமல். அவள் சொன்ன ஒன்றை அவன் இல்லை என்று மறுத்தது அதுவே முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை விடியலில் வலையை இழுத்துக் கரையில் போட்டவன், அதன்மேலேயே சாய்ந்தான். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. இந்திராணி போய் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வ..." என்றான்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலை அசைந்தது.

"வ..."

"வண்டியா? வருதுய்யா. போன் போட்டாச்சு. வலையா? வலைய ரோசி எடுத்து வெச்சிடுவா. வவுத்தப் பெரட்டுதா? இன்னாய்யா, இன்னா வோணும்?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே தலை அசைந்தது. அவள் நிறுத்தவே இல்லை. ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டும்போது அவன் உதட்டைச் சேர்த்துக்கொண்டான்.

குளிர்பெட்டிக்காரன் வாடகை சொன்னபோது இந்திராணி பேரம் பேசவில்லை, சரி என்றாள். அதைக் கேட்டுத்தான் ரோசிக்கு அழுகை வந்தது. பெட்டியின் கண்ணாடி வழியாக அந்தத் தளர்ந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'பாடுய்யா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இந்திராணிக்குத் தோன்றியது.

சாவு விழுந்ததால் அன்றைக்கு ஊரில் யாரும் ஏரியில் இறங்கவில்லை. படகுகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. வெயில் தாழத் தூக்கினார்கள். தெருக்கோடி வேப்பமரத்துக்கு அப்பால் பெண்கள் போகக்கூடாது. அங்கே பாடையை இறக்கியதும், நாடகத்துக்கு வாசிக்கும் அந்தோணிசாமி கழுத்தில் மாட்டிய ஆர்மோனியத்தோடு முன்னால் வந்தான். நாடகக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"பொம்பளைங்க எங்களால இதுக்கு மேல வரமுடியாதுக்கா," என்றாள் கோமளா டீச்சர். "இங்கயே பாடிக்கிறோம்."

கையில் கொள்ளிச்சட்டியோடு பூபதி, கடலுக்கு விலை என்ன என்று ஆரம்பித்தான். குரல் அதே சந்தைக் குரல்தான். ராஜாவின் பதிலை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். மூன்று கப்பல் பொன். தந்தேன் என்றான் பூபதி. ஒரு மலை உப்பு. தந்தேன். ஓராண்டு மழை. தந்தேன். வியாபாரியின் நிழல். அதற்கும் தந்தேன் என்றான்.

அப்புறம் யாருக்கும் பாட்டு இல்லை. அந்தோணிசாமி கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் ஒரே சுரத்தைப் பிடித்து நின்றான். ஒவ்வொருவராக எல்லாரும் இந்திராணியைப் பார்த்தார்கள்.

ரோசி அவள் முழங்கையைத் தொட்டாள். "நீ சொல்லுக்கா. அவுரு பேச்ச நீதான முடிப்ப."

இந்திராணி வாயைத் திறந்தாள். முத்து, சங்கு, யாவாரி பொண்ணு, வலி, வண்டி, வலை. எல்லாம் வரிசையாக நாக்குவரை வந்தன.

"இரு," என்றாள். "அவுரு சொல்லட்டும்."

தாடைக்கட்டு வாயோரமாக நழுவியிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். ஆர்மோனியத்தின் காற்று மெல்ல இறங்கித் தீர்ந்தது. தந்தேன் என்று சொல்லக் காத்திருந்த பூபதியின் கையில் சட்டி புகைந்துகொண்டிருந்தது.

பொன் கொடுத்தாயிற்று. உப்பு கொடுத்தாயிற்று. மழையும் நிழலும் கொடுத்தாயிற்று.

ஒன்று பாக்கி.