பதிமூன்று புள்ளி இரண்டு

ஏழாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் எக்ஸ்பிரஸுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பெண்கள் படைப் பயிற்சி முகாமில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்ததே ஓட்டத்தால்தான். முதல் மாதத்தில் முன்னால் ஓடுகிறவளின் குதிகால் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. இது ஐந்தாம் மாதம். முதுகில் இருபது கிலோ மூட்டை, கையில் துப்பாக்கி, நாற்பது பேருக்கும் பின்னால் அவள்.

"என்ன எக்ஸ்பிரஸ், கூட்ஸ் வண்டி ஆயிட்டியா?" சார்ஜென்ட் அம்மாவின் குரல் சாட்டையாக விழுந்தது. "ரத்த ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் பதிமூணு புள்ளி ரெண்டு. உடம்புல ஒரு குறையும் இல்ல. இது நோவு இல்ல, கள்ளம்! ஓடு!"

ஓடினாள். அந்தப் பதிமூன்று புள்ளி இரண்டு அவளை நிற்கவிடவில்லை. ஏனென்றால் அது அவளுடைய ரத்தமே இல்லை.

ரத்தப் பரிசோதனை நடந்தது பத்து நாளைக்கு முன்னால். "பத்துக்குக் கீழ இருந்தா மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று படுக்கைக் கூடத்தில் ஒரு பேச்சு. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது, நம்பாதவர்களும் கிடையாது. எக்ஸ்பிரஸ் ஏற்கெனவே ஒருமுறை கணுக்கால் முறிந்து பாதியில் வீடு திரும்பியவள். இன்னொரு முறை என்றால் கதவு சாத்தியதுதான். அப்பா வேறு, "போற வேகத்துலயே வந்துடுவே" என்று வாழ்த்தித்தான் பஸ் ஏற்றியிருந்தார்.

மூன்று மாதமாகவே படியேறினால் நெஞ்சு படபடத்தது. நகமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மாதத்தில் எட்டு நாள் உதிரப்போக்கு. சாப்பாட்டுக் கூடத்து ஐஸ் கட்டிகளைத் திருடி நறநறவென்று மென்றாள். இது அத்தனையும் தெரிந்தவள் ஒருத்திதான்: மேல்கட்டில்காரி. அவளை எல்லாரும் கூப்பிடுவது மாடி என்று.

யோசனை சொன்னவளும் அவள்தான். "லேப் அண்ணன் மூஞ்சியவா பாக்கறாரு? நெஞ்சு நம்பரத்தான் பாக்கறாரு. எனக்கு ரெண்டு கை இருக்கு, ரெண்டு பேருக்கும் ஆச்சு."

"மேல்மாடி காலின்னு உன்னச் சொல்றது சரியாத்தான் இருக்கு. மாட்டிக்கிட்டா?"

"ஒண்ணா பஸ் ஏறுவோம். ஜன்னல் சீட் எனக்கு!"

வலக்கையில் தன் எண்ணுக்கு ரத்தம் கொடுத்தாள் மாடி. கழிவறைக்குப் போய் நம்பர் துணியை மாற்றிக் குத்திக்கொண்டு வந்தாள். எக்ஸ்பிரஸின் எண்ணுக்கு இடக்கையை நீட்டினாள். லேப் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எட்டாவது கல் எக்ஸ்பிரஸின் கண்ணுக்குத் தெரியவில்லை. தரைதான் தெரிந்தது, மிக அருகில்.

முகாம் மருத்துவமனையில் கண் விழித்தபோது தலைமாட்டில் இரண்டு குரல்கள்.

"இன்னிக்கு ஆறு புள்ளி எட்டு," என்றார் டாக்டரம்மா. "பத்து நாளைக்கு முன்னாடி பதிமூணு."

"பாதி ரத்தம் எங்க போச்சு?" இது அறுவை டாக்டர். "உள்ள எங்கயோ கசியுது. ஸ்கேன்ல தெரியலேன்னு உக்காந்திருக்க முடியாது. வயித்தத் திறந்து பாத்துடலாம். தியேட்டரத் தயார் பண்ணுங்க."

அவர் போய்விட்டார். நர்ஸ் கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். எக்ஸ்பிரஸ் பேனாவை வாங்கினாள். வாயை மூடிக்கொண்டால் கத்தி. திறந்தால் தன்னோடு மாடியும் வெளியே. பேனாவைத் தாளின் மேல் வைத்தாள்.

"மேடம்... அது என் ரத்தம் இல்ல."

டாக்டரம்மா அவள் கையைத் தூக்கி நகங்களைப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நர்ஸிடம், "தியேட்டர் வேண்டாம்னு சொல்லு" என்றார். நர்ஸ் ஓடினாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"பத்துக்குக் கீழன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு..."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க, மேடம்."

"அப்படி ஒரு விதியே கிடையாது. அன்னிக்கு மட்டும் பதினோரு பொண்ணுங்களுக்குக் கொறச்சல். மாசாமாசம் போறது ஒரு பக்கம், இந்த ஓட்டம் இன்னொரு பக்கம். இரும்பு மாத்திரை கொடுத்து, ஓட்டத்தக் கொறச்சு, அடுத்த அணியோட சேத்துவிடறோம். உன் ரத்தத்தக் கொடுத்திருந்தா நீ பன்னிரண்டாவது ஆளு. அவ்வளவுதான்." அவர் குரல் இறங்கியது. "ஆனா ஆள் மாறாட்டத்துக்கு விதி இருக்கு. யாரோட ரத்தம்?"

எக்ஸ்பிரஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் விரல் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. அதே பதிமூன்று புள்ளி இரண்டு, இன்னொரு எண்ணுக்கு நேராக. சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு பட்டியலை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "சரி, நீ சொல்லல. நானும் கேக்கல."

எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம். அந்த ஓட்டம் அவளுக்கு அத்துப்படி. 'வராதடி' என்று உதடு அசைந்தது.

கதவு படாரென்று திறந்தது. "அறுக்காதீங்க மேடம்! வயித்தத் திறக்கப் போறீங்களாமே! அவளுக்கு உள்ள ஒண்ணும் இல்ல! அது என் ரத்தம்! நான்தான் கொடுத்தேன்!"

ஆபரேஷன் சேதி காதில் விழுந்ததும் அனுமதி கேட்காமல் அணிவகுப்பிலிருந்து ஓடியவளைத் துரத்திக்கொண்டு வந்த சார்ஜென்ட் அம்மா, கதவருகில் அப்படியே நின்றார். டாக்டரம்மா கண்களை மூடிக்கொண்டார்.

சார்ஜென்ட் அம்மா கையை மட்டும் நீட்டினார். மாடி தன் நெஞ்சிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நம்பர் துணியை அந்தக் கையில் வைத்தாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, எக்ஸ்பிரஸின் வெளுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னல் சீட்ட நீயே வெச்சுக்கடி," என்றாள். "உனக்குத்தான் மூச்சு வாங்குது."