பிரபுவின் அறையும் சீமாட்டியின் அறையும்

1

“ரயிலில போனம், மாளிகை பார்த்தம், வந்தம். அதில என்னக்கா கதை இருக்கு?”

“ஒண்டும் இல்லையெண்டால் ஏன் தாட்சாயினி மூண்டாம் தரமும் சொல்லுறீர்?”

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே நாங்கள் கதைத்தது இது. பிறகு தாட்சாயினி, என்னைப் பார்க்காமல், “இவர் இப்பவும் மகளின்ர அறையிலதான் படுக்கிறார்” என்றாள்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அதுதான். எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்கோ. ஆனா பேரை வடிவா மாத்திப்போடுங்கோ” என்றாள். மாற்றியிருக்கிறேன்.

2

முதல் முயற்சி: மூடுபனிக்குள்ளிருந்து மெல்ல எழுந்தது அந்த மாளிகை, ஒரு பழைய —

(விட்டுவிட்டேன். அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நல்ல வெயில் என்கிறாள் தாட்சாயினி.)

இரண்டாம் முயற்சி: தங்கை மகளின் கலியாணத்துக்கு லண்டன் போன தாட்சாயினியும் கணவர் பேரின்பநாதனும், மொன்றியலுக்குத் திரும்புவதற்கு முதல் நாள், ரயிலேறி ஒரு பழைய பிரபுவின் மாளிகை பார்க்கப் போனார்கள். ஒன்றேகால் மணி நேரப் பயணம். போகலாம் என்றவள் அவள்தான். அவரிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. வீட்டில் கேட்க வாய் வராததை வெளியூரில் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

விஷயம் இதுதான். லாசாலில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பத்தொன்பது வருடம் இரவு வேலை. விடிய வந்து படுப்பவருக்கு அவள் எழும்பித் திரியும் சத்தம் இடைஞ்சல். மகள் ரொறன்ரோவுக்குப் போனதும் அந்த அறைக்கு மாறினார். வேலையை விட்டு இரண்டு வருடமாகிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.* சண்டை ஒன்றும் இல்லை. சண்டையென்றால் கேட்பது சுலபம்.

* ஏன் என்று அவருக்கே தெரியாது என்பது என் ஊகம். ஊகம் என்பதால் கீழே எழுதுகிறேன்.

3

மாளிகை வாசலில் இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். வீடென்றால் கழற்றுவதுதானே. வழிகாட்டிப் பெண்மணி சிரித்து, போட்டுக்கொண்டே வரலாம் என்றாள்.

“இவ்வளவு பெரிய வீட்டுக்குள்ள சப்பாத்தோடயே திரிஞ்சிருக்கினம்” என்றார் பேரின்பநாதன். “கூட்டித் துடைச்சவையின்ர பாட்டை யோசிச்சுப் பாரும்.”

(கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் வெட்டமாட்டேன். அதுவரை அவரைக் கல்லாகவே எழுதி வந்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்.)

மாடியில் பிரபுவின் அறை. பக்கத்தில் சீமாட்டியின் அறை. நடுவில் ஒரு கதவு. கடைசிவரை தனித்தனியாகத்தான் படுத்தார்கள் என்றாள் வழிகாட்டி.

“நல்ல முறைதான்” என்றார் அவர். “ஒருத்தரால ஒருத்தருக்குக் கரைச்சல் இல்லை.”

தாட்சாயினி கதவின் பூவேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் ரயிலில் அவர் நித்திரை.

4

முடிவு அ: ரயிலில் அவரை எழுப்பிக் கேட்கிறாள். அவர் கண் கலங்கி அவளுடைய கையைப் பிடிக்கிறார். (என் குடும்ப நாவல்களில் எத்தனையோ கைகளைப் பிடிக்க வைத்திருக்கிறேன். இந்தக் கை அசைய மறுத்தது.)

முடிவு ஆ: அவள் கேட்கவேயில்லை. நடந்தது இதுதான்.

எதை வைப்பதென்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் லாசாலில் அவர்களுடைய வீட்டுக்குப் போய், தாட்சாயினியின் சமையலறையில் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பேரின்பநாதன் பால் வாங்கத் தெருமுனை டெப்பனர் கடைக்குப் போயிருந்தார்.

5

“‘என் நெஞ்சின் வெறுமையை நீங்கள் அறியமாட்டீர்களா’ எண்டோ நான் கேக்கிறன்?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆரக்கா வீட்டில இப்பிடிக் கதைக்கிறது? நான் இப்பிடிக் கேக்கமாட்டன்.”

“அப்ப எப்பிடிக் கேப்பீர்?”

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது பேரின்பநாதன் பால் பையோடு வாசலில் வந்து நின்றார். “என்ன கேக்கிறது?” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். வாசல் நடையில் என் கோட்டை மாட்டும்போது எனக்குக் கேட்டது அவளுடைய குரல் மட்டும்தான்.

“இஞ்சேருங்கோ. இண்டையிலயிருந்து எங்கட அறையில வந்து படுங்கோ. எனக்குத் தனியப் படுக்க ஏலாமல் கிடக்கு.”