வேறு துப்பாக்கியின் குழல்

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் விரித்த பழைய துண்டின்மேல் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கிடத்தியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் நச்சரித்து உட்கார வைத்திருந்தேன். ஏலக் கூடத்தில் பழைய துப்பாக்கிகளைப் பார்த்து எது எந்தக் காலத்தது, எது அசல் என்று சொல்வது அவர் வேலை. அப்பாவுக்கு அதில் என்றைக்கும் இளக்காரம்தான். "மாப்பிள்ளைக்குப் பழைய இரும்பைத் தடவிப் பாக்குற உத்தியோகம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சித்தப்பாவும் வந்திருந்தார். தம்பி எதிரில் அப்பா மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"எதுக்கு மாப்பிள்ளை இப்ப? அது பாட்டுக்குச் சுவத்துல தொங்கட்டுமே" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா. அவர் என்ன சொல்றார்னு கேளுங்க."

சித்தப்பா சோபாவில் பேப்பரில் மூழ்கியிருந்தார், கேட்காத காது எங்கள் பக்கம். வலது காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. குழந்தையில் வந்த காய்ச்சல் என்பார்கள். கப்பல் வேலைக்கு எல்லாம் கூடிவந்து, அந்தக் காதைச் சொல்லித்தான் மருத்துவப் பரிசோதனையில் கழித்துவிட்டார்கள். பிறகு கிடங்குக் காவலாகவே காலத்தை ஓட்டினார். அப்பா எங்கே போனாலும் தம்பிக்கு இடது பக்கம்தான் உட்காருவார். விசேஷ வீட்டில்கூட ஆளை எழுப்பி இடம் மாற்றிக்கொள்வார். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

என் வீட்டுக்காரர் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழல்களை மடக்கிப் பிரித்தெடுத்தார். குழலைத் திருப்பி அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். சோதனை முத்திரையும் எண்ணும் அங்கேதான் இருக்குமாம். விசை இருக்கும் பகுதியில் உள்ள எண்ணைப் பார்த்தார், மறுபடி குழலைப் பார்த்தார். அவர் முகம் பிரகாசமானதைக் கண்டு நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

"மாமா, இந்தக் குழல் இந்தத் துப்பாக்கியோடது இல்ல. ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணும். இது பின்னால வாங்கி மாட்டினது."

"இருக்கும், இருக்கும். மாட்டிடுங்க மாப்பிள்ளை."

"ஏன் மாத்தினாங்களாம்?" என்று எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"முன்கட்டையைப் பாரு, இடது பக்கம் மட்டும் வேற மரம் ஒட்டியிருக்கு. பழைய குழல் கம்பியை முறுக்கி அடிச்சதா இருந்திருக்கும். அந்தக் காலத்துக் கரிமருந்தைத்தான் அது தாங்கும். யாரோ தெரியாம புதுத் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தியிருக்காங்க. இடது குழல் கிழிஞ்சிருக்கு. பக்கத்துல யாராவது நின்னிருந்தா காது..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். வந்த வார்த்தை வந்ததுதான்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எந்தத் தோட்டா போட வேண்டும் என்று துப்பாக்கிக்குச் சொந்தக்காரரான தாத்தாவுக்குத் தெரியாமலா இருக்கும்? சித்தப்பா அப்போது குழந்தை; தெரியாமல் போட்டிருக்கக்கூடிய பையன் ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தான். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. அப்பாவை ஒரு தட்டுத் தட்டிவைக்கத்தான் இவ்வளவும் செய்தேன். தட்டியாயிற்று.

சித்தப்பா பேப்பரை மடித்தார். "என்ன, எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டீங்க? மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

அப்பா எழுந்து தம்பியிடம் போனார். வழக்கம்போல் இடது பக்கம் உட்கார்ந்து ஏதாவது சொல்லி மழுப்புவார், மழுப்பட்டும் கடவுளே என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவர் வலது பக்கம் போய்க் குனிந்தார். கேட்காத அந்தக் காதோடு வாயை வைத்து என்னவோ சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணா நீ, வயசானா இதுகூடவா மறந்துபோகும்?" சித்தப்பா சிரித்தபடி நகர்ந்து, தன் இடது பக்கத்தில் இடம் விட்டார். "இந்தப் பக்கம் வா. வந்து சொல்லு."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். சித்தப்பாவின் கை அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.