மேஜரின் மான்கள்

தன் புருஷனைக் கொன்ற கலைமானை இஷ்பெல் மறுபடி பார்த்தது மேஜர் பெவிங்டனின் சாப்பாட்டு அறைச் சுவரில். கழுத்தோடு அறுத்து, பாடம் பண்ணி, ஓக் பலகையில் பதித்து மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கண். விரிந்த கொம்பு. கீழே ஒரு பித்தளைத் தகடு, அதில் பிப்ரவரி மாதத்துத் தேதி ஒன்று. அவள் புருஷன் ஃபின்லே செத்த தேதி.

அவள் அங்கே போனது எஸ்டேட் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க. ஆரிக் பள்ளத்தாக்கில் பணம் கட்டி வருகிற மேஜருடைய வேட்டை விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப்போய், மானுக்கு நேரே கொண்டு நிறுத்தி, சுடச் சொல்வதுதான் அவள் வேலை. அவள் அப்பாவும் அதைத்தான் செய்தார். புருஷன் போன பிறகு அந்த மலையில் ஏற அவளுக்குக் கால் வரவில்லை.

ஃபின்லே மீன் வண்டி ஓட்டினான். கடலோரத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்தில் ஆற்றோர ரோட்டில் திரும்பி வருவான். அந்த ரோட்டை ஒட்டித்தான் மேஜர் குளிர்காலம் முழுக்க மான்களுக்கு வைக்கோலும் கிழங்கும் கொட்டி வைப்பார். காருக்குள் உட்கார்ந்தபடியே விருந்தாளிகள் பார்க்க வேண்டுமே. தீனி கிடைக்கிற இடத்தில் மான் சேரும். சேர்ந்த மான் பெருகும். பெட்டை மான்களைக் குறைக்கச் சொல்லி இஷ்பெல் கெஞ்சியிருக்கிறாள். தீனியையாவது மேலே, மலைச்சரிவில் போடச் சொல்லியிருக்கிறாள். சேற்றில் லாரி ஏறாது என்று மேஜர் சொல்லிவிட்டார். அந்தச் சாயங்காலம் தீனியிலிருந்து மிரண்டு ரோட்டில் பாய்ந்த கலைமான், முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு கொம்போடு உள்ளே வந்தது. மேஜரின் ஆட்கள் வந்து, குற்றுயிராகக் கிடந்த மானைச் சுட்டார்கள். ஃபின்லேவுக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"நல்ல தலை, மிஸஸ் மக்கெல்லார்," என்றார் மேஜர், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "இப்படி ஒரு கொம்பு இந்தப் பக்கம் வந்து ரொம்ப வருஷமாச்சு. வீணாப் போகக் கூடாதேன்னு எடுத்து வச்சேன். உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா மன்னிச்சுக்கோங்க."

"அதை எங்கிட்ட குடுங்க. எரிச்சுடறேன்."

"அது முடியாதே. அது எஸ்டேட் சொத்து."

"விசாரணையில வேற மாதிரி சொன்னீங்களே மேஜர். காட்டு மான் யாருக்கும் சொந்தமில்ல, அது ரோட்டுக்கு வந்தா நான் பொறுப்பில்லேன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. மனுஷனைக் கொல்ற வரைக்கும் யாரோட மானும் இல்ல. சுவத்துல மாட்டறப்ப உங்க மானா?"

டீ கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார் மேஜர். அவள் துப்பாக்கியை வெள்ளை மேஜைத்துணிமேல் கிடத்திவிட்டு வெளியே வந்தாள். வீடு வந்து சேர்வதற்குள் செய்ய வேண்டியது அவள் மனதில் திரண்டுவிட்டது.

அவளுக்கென்று ஆற்றங்கரையில் கொஞ்சம் நிலம் உண்டு. சுற்றிலும் கல்சுவர், ஒரே ஒரு கேட். அது வருஷக்கணக்காகத் தரிசு. ஃபின்லேயின் அண்ணன் மர்டோ ஆடு வளர்ப்பவன். அவனுடைய டிராக்டரைக் கேட்டு வாங்கி நிலத்தை உழுதாள்.

"என்ன போடப்போற?" என்றான், டிராக்டரைத் திருப்பி எடுத்துப்போக ஏறி உட்கார்ந்த மர்டோ.

"டர்னிப் கிழங்கு."

"கிழங்கா? முளைச்சும் முளைக்காம மான் வந்து மேஞ்சுட்டுப் போயிடும், பொண்ணே."

"மேயட்டும். வேலி போட்டு உழுத நிலத்துல புகுந்து பயிரைத் தின்னா, உழுதவ சுடலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது. மேஜரைக் கேக்க வேண்டியதில்ல, வேட்டை மாசமான்னு பாக்க வேண்டியதில்ல."

மர்டோ டிராக்டரை விட்டு இறங்கி, கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் போட்டான். "சத்தமில்லாம திறக்கணும்ல," என்றான்.

இலையுதிர் காலத்தில் மலைப்புல் பழுத்ததும் மான்கள் வந்தன. முதலில் தயங்கித் தயங்கிச் சில. பிறகு தங்கள் வீடு மாதிரி, கூட்டம் கூட்டமாக. மேஜரின் விருந்தாளிகள் கூலிக்கு ஆள் வைத்து மலையில் தேடிக்கொண்டிருந்த பெரிய கொம்புகளெல்லாம் விடியும்போது இஷ்பெலின் கிழங்குத் தோட்டத்தில் நின்றன. அப்பாவின் பழைய துப்பாக்கியோடு அவள் சுவருக்குப் பின்னால் படுத்திருப்பாள். மான்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அது பசித்து வந்த மிருகம். ஆனால் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும், 'இது உன் விருந்தாளிக்கு இல்லை' என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில் சூடாக ஒன்று நெஞ்சில் இறங்கும், விஸ்கி இறங்குகிற மாதிரி.

இறைச்சியை ஊருக்கெல்லாம் கொடுத்தாள். பள்ளத்தாக்கில் எல்லா வீட்டு ஃப்ரீசரும் நிறைந்தது. மேஜரின் சமையல்காரியே பின்வாசல் வழியாக வந்து ஒரு தொடை வாங்கிப்போனாள்.

அக்டோபரில் மேஜர் நேரில் வந்தார். பின்னால் ஜீப்பில், சுடுவதற்கு ஒன்றும் கிடைக்காத இரண்டு ஜெர்மானியர்கள்.

"உங்க கேட் திறந்து கிடக்கு, மிஸஸ் மக்கெல்லார்."

"அப்படியா? காத்து திறந்திருக்கும்."

"தினமுமா?"

"இந்தப் பள்ளத்தாக்குல காத்து ஜாஸ்தி, மேஜர். நீங்க வருஷத்துல பாதி லண்டன்ல இருக்கறதால தெரியாது."

ஜெர்மானியரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜரின் கழுத்து சிவந்தது. "இதுக்கு வருத்தப்படுவீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். ஜனவரியில் பனி இடுப்பளவு விழுந்தபோது ஆற்றோரத் தீனியை ஒரேயடியாக நிறுத்தினார். மான்கள் குளிருக்கு ஒதுங்குகிற பைன் தோப்பின் கேட்டைப் பூட்டினார். 'மிஸஸ் மக்கெல்லாருக்கு என் மான்கள் வேண்டுமாம், அவரே வைத்துக்கொள்ளட்டும்' என்று சாராயக்கடையில் சொன்னாராம்.

தலைமுறை தலைமுறையாகக் கைத்தீனிக்குப் பழகிய கூட்டம் அது. மலையில் அதற்குத் தின்ன எதுவும் இல்லை. தலைகாட்டிய ஒவ்வொரு மரக்கன்றையும் அதுவே கடித்துத் தீர்த்திருந்தது. மொத்தக் கூட்டமும் ஊருக்குள் இறங்கியது. தோட்டத்துக் கோஸ், வேலிச்செடி, மரப்பட்டை எல்லாம் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் ஃபின்லேயின் சமாதிமேல் இஷ்பெல் வைத்த மலர்வளையத்தைக் கம்பி மட்டும் மிஞ்ச உருவித் தின்றிருந்தன. அவளுடைய கிழங்கு என்றைக்கோ தீர்ந்துவிட்டது. இப்போது கேட்டைச் சாத்தினாலும் அவை போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே முழங்கால் மடங்கி விழுந்தன. விழுந்தவற்றைச் சுடத்தான் அவளுக்குத் தோட்டா செலவானது. அதில் எந்தச் சூடும் இறங்கவில்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிற பெட்டை ஒன்று, வயிற்றில் குட்டியோடு, அவள் கையை நக்கியது. கிழங்கு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்ததோ என்னவோ. அதைச் சுட்டுவிட்டு அவள் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது கோபம் முன்பைவிடக் கெட்டியாகியிருந்தது.

மார்ச் மாதம் மேஜரின் பங்களாவில் ஒரு கூட்டம். லிங்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையை மறுபடி இந்தக் காடுகளில் விடலாமா என்று பேச. காது நுனியில் கறுப்புக் குஞ்சமும் மொட்டை வாலும் உள்ள, நாய் உயர மிருகம். ஒரு காலத்தில் இங்கேயே இருந்து, மனிதர்கள் கொன்று தீர்த்தது. காட்டைக் காக்கிற அமைப்பு ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். என் மான்களை நான் பொறுப்பாகப் பராமரிக்கிறேன், பூனை கீனை எதுவும் வேண்டாம் என்று காட்டத்தான் மேஜர் தன் வீட்டுக் கூடத்தையே கொடுத்திருந்தார்.

அன்று காலை இஷ்பெல் மர்டோவின் கதவைத் தட்டினாள். "டிராக்டரும் டிரெய்லரும் வேணும்."

"எதுக்கு?"

"மேஜரோட சொத்தைத் திருப்பிக் குடுக்கணும்."

மர்டோ தொப்பியை எடுத்துக்கொண்டான். இருவருமாக ஆற்றோரத்திலும் ரோட்டோரத்திலும் பட்டினியில் செத்துக் கிடந்ததையெல்லாம் ஏற்றினார்கள். எலும்பும் தோலுமான உடம்பு, கனமே இல்லை. பங்களாவின் வாசலிலிருந்து படிக்கட்டுவரை, பாதையின் இரண்டு பக்கமும், தலை பாதையைப் பார்த்தபடி வரிசையாகக் கிடத்தினார்கள். வேலைக்காரர்கள் தடுக்க வந்தார்கள். டிரெய்லரில் இருந்ததைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் ஒரு பக்கம் பிடித்தும் கொடுத்தான்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதன் நடுவேதான் நடந்து வர வேண்டியிருந்தது. சில பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கேமராக்காரன் மட்டும் குனிந்து குனிந்து எடுத்தான்.

உள்ளே மேஜர் வெளுத்துப்போய் நின்றார். "இது அசிங்கமான நாடகம்," என்றார். "இந்தம்மாவுக்கு என்மேல சொந்தப் பகை."

"ஆமா, பகைதான்," என்றாள் இஷ்பெல் எழுந்து. "நான் ஒளிக்கல. காடு வளரணும், பறவை வரணும்னு அந்த அம்மா பேசினாங்க. நல்ல விஷயம்தான். எனக்கு அதெல்லாம் ரெண்டாவது. இந்த மலையில மானைக் கொல்ற அதிகாரம் ஒருத்தர் கையில இருக்கு. கொம்பு வேணும்னா தீனி போட்டு வளக்கறார். கோபம் வந்தா பட்டினி போட்டுக் கொல்றார். எனக்கு வேண்டியது, அவர் சொல் கேக்காத ஒண்ணு. அவர் கூப்பிட்டு வராதது, அவர் துரத்திப் போகாதது. அது இருந்தா மான் ஒரே இடத்துல நின்னு எல்லாத்தையும் மொட்டையடிக்காது. பயந்துக்கிட்டே மேயும், நகந்துக்கிட்டே இருக்கும். பூனை மட்டும் போதாது, துப்பாக்கியும் வேணும். அதையும் ஊர் கையில குடுங்க."

"ஆடு?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "ஆட்டைத் தின்னாதா உன் பூனை? மர்டோவைக் கேளு!"

எல்லாரும் மர்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பூட்ஸில் மான் ரோமம் ஒட்டியிருந்தது. "தின்னும்," என்றான். "கண்டிப்பா தின்னும். ஆனா அது பசிச்சுத் தின்னும். தின்னுட்டு, எனக்குப் பொறுப்பில்லேன்னு விசாரணையில நின்னு பேசாது." பூனை வரட்டும் என்று கையைத் தூக்கினான். அவனைப் பார்த்து மற்ற ஆட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

அரசாங்க அனுமதிக்கு வெகுநாள் இழுத்தது. பூனைகள் வருவதற்கு முன்பே மேஜர் எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். பாதையோரத்துப் படங்கள் பத்திரிகையில் வந்த பிறகு ஒரு விருந்தாளியும் அந்தப் பக்கம் வரவில்லை. எஸ்டேட்டை வாங்கியவர்கள் வேட்டை நிலத்தை ஊர்ச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சாமான் வண்டி கிளம்பிய அன்று இஷ்பெல் தன் கேட்டில் சாய்ந்து நின்று, கடைசி லாரி வளைவில் மறைகிறவரை பார்த்தாள். பழி தீர்த்தால் கசக்கும் என்று போதகர் அவளிடம் சொல்லியிருந்தார். கசக்கவில்லை. இனித்தது. வீட்டுக்குள் போய் முட்டை பொரித்து, பசித்துச் சாப்பிட்டாள்.

பூனைகளைக் காட்டில் விட்ட பிறகு வந்த வசந்தத்தில் மழை ஓயாத ஒரு காலையில் மர்டோ வந்தான். தோளில் கிடந்த செம்மறிக் குட்டியை வாசற்கல்லில் இறக்கினான். தொண்டையில் ஒரே ஒரு கடி, சுத்தமாக.

"உன் ஆளு வேலை," என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். அது நிஜமாகவே அங்கே இருக்கிறது, மலையில் யாருக்கும் அடங்காமல் திரிகிறது என்று முதலில் நெஞ்சு துள்ளியது. அப்புறம்தான் மர்டோவின் முகத்தைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்த முகம். அவனுக்கு அவள் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை.

"நான் கேட்டேன், உன் தலையில விடிஞ்சிருக்கு," என்றாள்.

"கை தூக்கினவன் நான்தானே. அழுது என்ன பண்ண? மிச்சத்தைக் கீழ்வயலுக்கு ஓட்டணும். மரத்தை ஒட்டி விட்டது என் சோம்பேறித்தனம். வர்றியா?"

அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். மேலே, காட்டோரத்தில், ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன; இருவரும் விரட்டியதும் கீழே பாய்ந்தன.

"நல்லா ஓடுதுங்களே," என்றாள் மூச்சு வாங்க.

"பின்ன? உன்னை மாதிரி ஒருத்தி விரட்டினா நானே ஓடுவேன். அந்தப் பக்கம் மறி, பொண்ணே! அந்தப் பக்கம்!"