மூட்டைக்குப் பின்னால் மாமியார்

கலெர்வே சந்தையில் கியோபேக்கு ஒரே ஒரு எதிரிதான். அவன் மனைவியைப் பெற்றவள்.

நாபதான்சி பல வருடமாக அங்கே விறகுக்கரி மூட்டை விற்கிறவள். அதே வரிசையில் மருமகன் தோல்கரிக் கடை போட்டால் பொறுப்பாளா? ஊர் தூக்கிப்போடும் வாழைக்காய்த் தோலைப் பொறுக்கி, காயவைத்து, மூடிய பீப்பாயில் கருக்கி, இடித்து, மரவள்ளிக் கஞ்சி விட்டுப் பிசைந்து அவன் பிடிக்கும் உருண்டைகள் புகையாமல் எரியும். விலையும் மலிவு. அவள் சண்டைக்கு வரவில்லை. சும்மா நடந்து வந்தாள்.

அது போதும். மாமியார் முகத்தை மருமகன் பார்த்தால் கை நடுக்கம் வந்து சாகும்வரை விடாது. இது தெரியாத பிள்ளை அந்த ஊரில் இல்லை. அவள் தலைத்துணி தெரிந்ததும் கியோபே வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு கடைக்குப் பின்னால் குந்துவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கடையில் தக்காளி வாங்குவாள். வாங்கியதை மாற்றுவாள். பிறகு நாடு போகிற போக்கைப் பற்றிப் பேசுவாள். காத்திருந்த பெண்கள் அலுத்துப்போய் அவளிடமே கரி வாங்கிப் போவார்கள்.

சந்தைத் தலைவருக்கும் பொறுமை போய்விட்டது. "ஆளில்லாத கடைக்கு நான் காவல் காக்க முடியாதுப்பா. இன்னும் ரெண்டு நாள் பாப்பேன், அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

"உங்க அம்மாகிட்ட சொல்லேன்," என்று மனைவி நாக்கிபூகாவிடம் கெஞ்சினான் கியோபே.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சொன்னேனே. 'தக்காளி வாங்கறது தப்பாடீ'ங்கறாங்க. ஆமா, நீங்க மட்டும் ஏன் ஒளியறீங்க? உங்க மூஞ்சியைப் பாத்தா அவங்களுக்கும்தானே ஆகாது?"

இத்தனை நாள் இது ஏன் மண்டையில் உறைக்கவில்லை என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் அடுப்பும் பானையும் கரிக்கூடையுமாக மாமியார் கடை வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினான். உள்ளே "ஐயோ!" என்று ஒரு சத்தம். கரிமூட்டைகளுக்குப் பின்னால் நாபதான்சி தடாலென்று உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் சுவர். தப்ப வழியில்லை.

கியோபே நிதானமாகத் தோல்கரியை மூட்டி, இலையில் கட்டிய மத்தோக்கே வாழைக்காயை அவிய வைத்தான். கூட்டம் கூடிவிட்டது.

"வாங்கக்கா, கிட்ட வந்து பாருங்க! புகை இருக்கா? கண்ணு எரியுதா?"

"ஆடு திங்கற தோலு!" என்றது மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல். முகம்தான் கூடாது, குரலுக்குத் தடையில்லை. "வஸ்வா, அந்த மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ஆட்டு வயித்துல அடிக்கறான்னு!"

வேடிக்கை பார்க்க வந்த தக்காளிக்காரன் வஸ்வா பணிவாகச் சொன்னான்: "ஆட்டு வயித்துல அடிக்கறியாம்."

"ஆடு தின்னது போக மிச்சம்னு அத்தைகிட்ட சொல்லுண்ணே."

"பாதி வேகறதுக்குள்ள அணைஞ்சுரும்!"

"அணையுதான்னு பாப்போம். வெந்து முடியறவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

மூட்டைக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. மத்தோக்கே பக்குவமாக எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வெயில் ஏறியது. அடுப்பு அணையவில்லை. ஆனாலும் யாரும் வாங்கவில்லை. அவள் வாசலிலேயே, அவள் காது கேட்க அவனிடம் வாங்கிவிட்டு, நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அத்தே," என்று கியோபே நேராகவே கூப்பிட்டுவிட்டான். "நாளைக்கு என் கடை போயிடும். ஒரே ஒரு தடவை இதை எரிச்சுப் பாருங்க. நல்லாயில்லேன்னு நீங்க சொன்னா நானே போயிடறேன்."

மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"எரிச்சுப் பாக்காமயா இருக்கேன்? ஒரு மாசமா என் வீட்டு அடுப்புல அதுதான் எரியுது. என் மக கொண்டாந்து குடுத்தா. நல்லாத்தான் எரியுது, போ! இந்த மூட்டைங்களை யார் தலையில கட்டறதுன்னுதான் என் கவலை."

சந்தையே வாயைப் பிளந்தது. அடுத்த கணம் கூடைக்குள் பத்துக் கை விழுந்தது. கியோபேக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை மறந்து மூட்டைகளை நோக்கிப் போனான். "அத்தே..."

"பாக்காதேடா!" என்று சந்தை முழுக்க அலறியது.

அவன் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எதிரில் வந்தவர்களை முட்டித் தள்ளியபடி ஓடினான்.

"ஓடட்டும் வஸ்வா," என்றாள் நாபதான்சி. "நீ அந்தப் பானையை இப்படித் தள்ளு. பசி உயிர் போகுது."